தாய்க்குலத்தின் பேராதரவு: சுவரொட்டியும் அது கூப்பிடாத பெண்ணும்

தமிழ்த் திரைப்பட விளம்பரங்களில் பல பத்தாண்டுகள் நிலைத்து நின்ற தொடர் ஒன்று உண்டு: ‘தாய்க்குலத்தின் பேராதரவுடன்’. இரண்டாவது வாரம், 50ஆவது நாள், வெள்ளிவிழா என்று எந்தக் கணக்கைச் சொன்னாலும் அதற்குத் துணையாக இந்தத் தொடர் வந்து நிற்கும். கேட்பதற்குப் பெருமையாக இருக்கும் இதன் இலக்கணத்தைச் சற்று நின்று பார்க்கலாம். ‘தாய்மார்களே’ என்றால் அது விளி. எதிரே இருக்கும் பெண்களைக் கூப்பிடும் சொல். ‘தாய்க்குலத்தின்’ என்பது ஆறாம் வேற்றுமை. இங்கே பெண்கள் கூப்பிடப்படவில்லை. அவர்களைப் பற்றி வேறு யாரிடமோ சொல்லப்படுகிறது. யாரிடம்?

1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் 9 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. அந்தக் காலத்துச் சுவரில் எழுதியிருந்ததை வாசித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தாம். ‘இந்தப் படத்துக்கு உன் வீட்டுப் பெண்களைக் கூசாமல் அழைத்து வரலாம்’ என்று குடும்பத் தலைவனுக்குத் தரப்பட்ட உத்தரவாதமே தாய்க்குலத்தின் பேராதரவு. டிக்கெட் வாங்கிப் படம் பார்த்தவள் பெண். ஆனாலும் சுவர் பேசியது அவளோடு அல்ல. தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற மூன்று இடங்களில் அவளுக்குக் கிடைத்தது படர்க்கை மட்டும்.

திரைப்படச் சுவரொட்டியின் வரலாறு இப்போது நிறையவே எழுதப்படுகிறது. கல் அச்சிலிருந்து ஃபிளெக்ஸ் வரை நடந்த புதுமைகள், அவற்றைச் செய்த கைகள், பிரம்மாண்டத்தின் மீது நமக்கிருக்கும் மோகம் எல்லாம் அதில் வருகின்றன. அந்தப் புதுமைகள் யாரை முன்னிலையில் வைத்துப் பேசின என்ற கேள்வி மட்டும் வருவதில்லை. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் சாலையோரத்தில் தமிழ் கற்பிக்கிற எனக்கு இந்தக் கேள்வி ஏட்டுக் கேள்வி அல்ல. ஷிப்டு பேருந்துக்குக் காத்து நிற்கும் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் தினமும் வாசிக்கும் முதல் பனுவல் இங்குள்ள சுவர்கள்தாம்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த ஆண்டுகளிலிருந்து தொடங்கலாம். லண்டனின் ஈலிங் ஸ்டூடியோவில் விளம்பரப் பிரிவைக் கவனித்தவர் எஸ்.ஜான் உட்ஸ். அவரே ஓவியர். படத்துக்கு விளம்பரம் வரைய வழக்கமான விளம்பரக் கம்பெனி ஆட்களோடு நின்றுவிடாமல், அன்று பெயர்பெற்ற ஓவியர்களையும் நூல்களுக்குச் சித்திரம் வரைந்தவர்களையும் அழைத்தார். ஜான் பைப்பர், எட்வர்ட் பாடன், எட்வர்ட் ஆர்டிசோன் போன்றவர்கள் திரைப்படச் சுவரொட்டி வரைந்தது இப்படித்தான். 1951இல் வந்த ‘தி லாவெண்டர் ஹில் மாப்’ படத்துக்கு ரொனால்ட் சேர்ல் தனது கோணல்மாணலான கேலிக்கோட்டிலேயே வரைந்தார். 1953இல் வந்த ‘தி டிட்ஃபீல்டு தண்டர்போல்ட்’ படத்துக்கு பாடன் வரைந்தார். ஒரு கிராமம் தன் ரயில் தடத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் கதை அது. நடிகரின் முகத்தைப் பெரிதாக்கினால் போதும் என்ற பழக்கத்திலிருந்து இவை விலகின. ஊர், தெரு, எழுத்தின் வடிவம், கோட்டின் குணம் ஆகியவை சுவரொட்டியின் பொருளாயின.

இதில் தாளின் வாட்டத்துக்கும் பங்குண்டு. பிரிட்டனில் அன்று பரவலாக இருந்த சுவரொட்டி 40 அங்குல அகலமும் 30 அங்குல உயரமும் கொண்டது. நம் ஊர்ச் சுவரொட்டிக்கும் அதே அளவுதான். ஆனால் நிமிர்த்தி வைத்தது. 30 அங்குல அகலம், 40 அங்குல உயரம். படுத்திருக்கும் தாளில் ஓர் ஊர் விரியும். நிற்கும் தாளில் ஓர் ஆள் நிற்பார். எந்த ஆள் என்பதுதான் நம்முடைய வரலாறு.

தொடக்கத்தில் அந்த ஆள் பெரும்பாலும் பெண்ணாகவும் இருந்தாள். படங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ‘மிஸ் கமலா’ (1936) டி.பி.ராஜலட்சுமி தானே இயக்கிய படம். ‘மின்னல்கொடி’யில் (1937) கே.டி.ருக்மணி. ‘சகுந்தலை’யிலும் (1940) ‘மீரா’விலும் (1945) எம்.எஸ்.சுப்புலட்சுமி. ‘மணிமேகலை’யில் (1940) கே.பி.சுந்தராம்பாள். ‘கண்ணகி’யில் (1942) பி.கண்ணாம்பா. ‘மங்கம்மா சபதத்தில்’ (1943) வசுந்தராதேவி. கதை யாரைச் சுற்றி நகர்ந்ததோ அவள் பெயரே சுவரில் பெரிய எழுத்தில் நின்றது. இந்தப் பெண்களில் பலர் கோயில், இசை, நாடக மரபுகளிலிருந்து வந்தவர்கள். பெயரே மூலதனமாக இருந்தவர்கள். சுந்தராம்பாள் 1935இல் ‘நந்தனார்’ படத்தில் ஆண் வேடத்தில் நடிக்க ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார் என்பது அன்று ஊரெல்லாம் பேசப்பட்டது. அப்படிப்பட்ட பெயரை மூலையில் சிறிதாகப் போட எந்த முதலாளிக்கும் மனம் வந்திருக்காது.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் நம்முடைய ஜான் உட்ஸ் என்று ஒருவரைச் சொல்வதானால் எஸ்.எஸ்.வாசனைச் சொல்லலாம். விளம்பரத் தொழிலிலிருந்து பத்திரிகைக்கு வந்து, ஆனந்த விகடனை வாங்கி நடத்தி, பிறகு ஜெமினி ஸ்டூடியோவை உருவாக்கியவர். 1948இல் ‘சந்திரலேகா’வுக்காக அவர் செய்த விளம்பரம், குறிப்பாக அதன் இந்திப் பதிப்புக்காகச் செய்தது, இந்தியத் திரைப்பட விளம்பரத்தின் அளவையே மாற்றியது. முரசுகளின் மேல் ஆடும் பெண்கள் அந்தப் படத்தின் அடையாளம் ஆனார்கள். படத்தின் பெயரும் டி.ஆர்.ராஜகுமாரி ஏற்ற பாத்திரத்தின் பெயர். அதே ஜெமினி 1953இல் ‘ஔவையார்’ எடுத்தது. நரைத்த தலையோடு, ஊன்றுகோலோடு, யாருக்கும் மனைவியாகவோ தாயாகவோ இல்லாத ஒரு புலவர். அவரே படத்தின் முகம். சுந்தராம்பாள் ஏற்ற அந்தக் கிழவியின் இடத்தில் இன்னொரு பெண்ணுருவைத் தமிழ்ச் சுவர் பின்னாளில் எளிதில் அனுமதிக்கவில்லை.

அந்தச் சுவரொட்டிகள் உருவான விதத்தையும் சொல்ல வேண்டும். கல் அச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல்; பின்னர் தனித் தகடு. கொழுப்புப் பசையுள்ள கோலால் வரைந்து, நீர் ஒட்டாத இடத்தில் மை ஒட்டும் என்ற எளிய வேதியியலில் அச்சடிப்பார்கள். கல்லில் நேராக வரைந்தால் எழுத்துகளை இடவலமாக மாற்றி எழுத வேண்டும். ‘ழ’வையும் ‘ண’வையும் தலைகீழ்க் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எழுதப் பழகிய கைகள் அவை. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு கிடையாது. படத்தின் தன்மையை எழுத்தின் உடலிலேயே காட்டியாக வேண்டும். தீப்பற்றும் எழுத்து, கல்லில் வெட்டிய எழுத்து, வாள்முனை எழுத்து என்று அந்தக் கலைஞர்கள் உருவாக்கியவை தமிழ் எழுத்துருவின் வரலாற்றில் சேர வேண்டியவை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ‘அந்தப் படம்’ என்று அடையாளம் கண்டார்கள் என்றால் காரணம் அந்த எழுத்தோவியமே.

திருப்பம் 1957இல் வருகிறது. ‘வணங்காமுடி’ வெளியானபோது சென்னைச் சித்ரா திரையரங்கின் முன் சிவாஜி கணேசனுக்கு ஏறத்தாழ 80 அடி உயரக் கட்அவுட் வைக்கப்பட்டது. செய்தவர்கள் மோகன் ஆர்ட்ஸ். பிரம்மாண்டக் கட்அவுட் மரபின் தொடக்கமாக அதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். படத்தின் ஸ்டில்லைக் கட்டம் போட்டுப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் துணியில் பல மடங்காகப் பெரிதாக்கி வரைவது இதன் முறை. அருகில் நின்று பார்த்தால் கன்னத்தில் பச்சையும் நெற்றியில் ஊதாவும் அப்பிய வண்ணத் திட்டுகள் மட்டுமே தெரியும். சாலையின் எதிர்ப்புறம் போய்ப் பார்த்தால் முகம் உயிர்பெறும். துணி, மரப்பலகை, சவுக்குக் கம்பு, கயிறு. இவ்வளவு எளிய பொருள்களை வைத்து இவ்வளவு உயரத்தை உண்டாக்கியது உலகத்துக்கே புதுமைதான். அதில் ஐயமில்லை.

அந்தப் புதுமை நாயகனின் அளவாகிவிட்டது என்பதே என் வாதம். ஈலிங் ஓவியர்கள் கோட்டை மாற்றினார்கள். சென்னைக் கலைஞர்கள் அளவை மாற்றினார்கள். அளவு மாறும்போது ஒருவர் மட்டுமே பெரிதாக முடியும். 80 அடி ஆணுக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் ஒரு பெண் நின்றால் ‘நாயகன்’ என்ற சொல்லுக்குப் பொருள் இருக்காது. படப் பெயர்களும் கூடவே நகர்ந்தன: ‘மதுரை வீரன்’ (1956), ‘வணங்காமுடி’ (1957), ‘நாடோடி மன்னன்’ (1958), ‘உத்தமபுத்திரன்’ (1958), ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959). பெண் பெயரில் படங்கள் வராமல் போகவில்லை. ஆனால் சாலையின் உயரத்தை ஆண்டவை இவை. மறுபக்கம் ‘தாய்க்குப்பின் தாரம்’ (1956), ‘தாய் சொல்லைத் தட்டாதே’ (1961), ‘தாயைக் காத்த தனயன்’ (1962) என்று ஒரு வரிசை. பெண் தலைப்பில் இருக்கிறாள்; தாயாக இருக்கிறாள்; எழுவாயாக மட்டும் இல்லை. தட்டாதவனும் காத்தவனும் மகன்.

சித்திரத்தில் நாயகனின் இடுப்பளவுக்குச் சாய்ந்து நிற்கும் காதலி. எழுத்தில் பேராதரவு தரும் தாய்க்குலம். ஒரே தாளில் இரண்டு பெண்கள். முதலாமவளைப் பார்க்க ஆண் வருவான். இரண்டாமவளின் பெயரால் அவன் வருவதற்கு மரியாதை கிடைக்கும். இந்த இரட்டை ஏற்பாட்டில் மூன்றாவதாக ஒரு பெண்ணுக்கு இடமே இல்லை: தன் கூலியில் தானே டிக்கெட் எடுத்துப் படம் பார்க்கும் பெண். டூரிங் டாக்கீஸின் தரை டிக்கெட்டில், ஆண்களைப் பிரிக்கும் குட்டைச் சுவருக்கு இப்பால், நாற்று நட்ட கையோடு வந்து உட்கார்ந்தவள் அவள். படங்களை ஓட வைத்ததில் அவளுக்கும் பெரும் பங்கு உண்டு. சுவர் அவளை விளித்ததில்லை.

வரைந்தவர்கள் யார் என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. பேனர்ப் பட்டறைகள் குருவும் சீடப் பையன்களுமாக இயங்கியவை. தூரிகை கழுவும் வேலையில் சேரும் பையன், எழுத்துக்குப் போய், உடைக்குப் போய், பல ஆண்டுகள் கழித்தே முகத்துக்கு வருவான். வெள்ளிக்கிழமை வெளியீட்டுக்காக இரவெல்லாம் விழித்து வேலை, பட்டறையிலேயே படுக்கை, விடியற்காலையில் சாரம் ஏறிக் கட்ட வேண்டும். இந்த ஒழுங்கில் ஒரு பெண்பிள்ளை நுழைய வழியே இல்லை. வாசலில் தினமும் புள்ளி வைத்து, கணக்குப் பிசகாமல் கோடிழுத்துப் பழகிய கைகள் நம் பெண்களுடையவை. கட்டம் போட்டு உருவைப் பெரிதாக்கும் வித்தை அவர்களுக்கு எட்டாததா என்ன? பயிற்சி கிடைக்கும் இடம்தான் எட்டாமல் இருந்தது. ஈலிங்கிலும் இன்று முன்வரிசையில் சொல்லப்படும் பெயர்கள் ஆண்களுடையவைதாம். ஆனால் அதே பிற்போர்க் காலப் போலந்தில் மரியா இஹ்நாடோவிச், பார்பரா பாரனோவ்ஸ்கா போன்ற பெண்கள் திரைப்படச் சுவரொட்டி வடிவமைப்பாளர்களாகப் பெயர் பெற்றார்கள். அங்கே அந்த வேலைக்கு வழி கலைக்கல்லூரி வழியாகவும் அரசு நிறுவனங்கள் தந்த பணிகள் வழியாகவும் இருந்தது. சேரும் வாசல் மாறினால் வரையும் கையும் மாறும்.

பின்னர் வந்த பத்தாண்டுகளில் காதலியின் உருவம் வெறும் உடலாகச் சுருங்கியது. காலைக் காட்சிப் படங்களின் சுவரொட்டிகள் பள்ளிச் சுவர்களையும் பேருந்து நிறுத்தங்களையும் நிறைத்தன. மாதர் அமைப்புகள் தார்ச் சட்டியோடு தெருவில் இறங்கின. 1986இல் பெண்களை இழிவாகச் சித்திரிப்பதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் வந்தது. அந்தப் போராட்டங்களை வெறும் ஒழுக்கவாதம் என்று இன்று தள்ளிவிடுவது எளிது. சுவரைக் கடந்துதான் பள்ளிக்கும் வேலைக்கும் போக வேண்டியிருந்த பெண்கள் முதன்முறையாக அந்தச் சுவருக்குப் பதில் சொன்ன நேரம் அது. தார் ஒரு பதில்மொழி. ஆனால் தாரும் தணிக்கைத் தாளும் பெண்ணுடலைத்தான் மறைத்தன. பேச்சின் திசையை மாற்றவில்லை. மார்பின் மேல் ஒட்டிய வெள்ளைத் தாள் துண்டும் ஆணைப் பார்த்தே பேசியது.

1990களில் ஒரு பெண் கடைசியில் அந்த உயரத்தை எட்டினார். முதலமைச்சர் ஜெயலலிதாவின் கட்அவுட்டுகள் சென்னைச் சாலைகளில் எந்தக் கதாநாயகனுக்கும் குறையாமல் எழுந்தன. திரைப்படத்துக்காக வளர்ந்த கலை முழுவதும் அவருக்காக வேலை செய்தது. அம்மன்களாகவும், ஒருமுறை சர்ச்சைக்குரிய வகையில் கன்னி மரியாகவும் அவர் வரையப்பட்டார். இந்தக் கலையை விரிவாக ஆராய்ந்த பிரிமிந்தா ஜேக்கப் தமது 2009ஆம் ஆண்டு நூலுக்குத் திரைத் தெய்வங்கள் என்று பொருள்படும் பெயரை இட்டது பொருத்தமே. அந்தப் பெண்ணுக்குக் குழந்தைகள் இல்லை, திருமணம் செய்துகொள்ளாதவர், அதிகாரத்தைத் தானே கையாண்டவர். ஆனாலும் சுவர் அவரை அழைத்த பெயர் ‘அம்மா’. 80 அடி உயரம் ஏறினாலும் பழைய தாய்க்குலத்துக்குள்தான் அவரை உட்கார வைக்க முடிந்தது.

2000க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. கணினியில் வடிவமைத்து, இயந்திரத்தில் சில மணி நேரத்தில் அச்சடித்துவிடலாம். பட்டறைகள் மூடின; ஓவியர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். விலை இறங்கியதும் நட்சத்திரம் அல்லாதவர்களும் சுவரில் ஏறினார்கள். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றிய ஊர்களில் சாதாரண வீட்டுப் பெண்ணின் முகம் ஃபிளெக்ஸில் ஏறுவது பெரும்பாலும் மூன்று தருணங்களில்: மஞ்சள் நீராட்டு, திருமணம், கண்ணீர் அஞ்சலி. பன்னிரண்டு வயதுச் சிறுமியின் முகம் முதன்முதலாகச் சாலையோரத்தில் பெரிதாகத் தெரிவது அவள் பூப்பெய்திய செய்தியோடு. வாழ்த்துவோர் வரிசையில் மாமன்மார்களின் படங்கள். மேலே ஒரு கதாநாயகனின் படம். கட்அவுட்டின் இலக்கணம் வீட்டுக்குள் வந்துவிட்டது. 2019இல் சென்னையில் ஒரு பேனர் விழுந்து, இரு சக்கர வண்டியில் போய்க்கொண்டிருந்த இளம்பெண் உயிரிழந்தபோது பேனர்களின் சட்டமீறலைப் பற்றி நிறையப் பேசினோம். அவை எந்த உரிமையில் பொதுவெளியை எடுத்துக்கொண்டன என்பதையும் பேசியிருக்க வேண்டும்.

இந்தச் சாலையில் இப்போது சினிமாச் சுவரொட்டியோடு போட்டி போடுவது இன்னொரு சுவரொட்டி: ‘ஆட்கள் தேவை’. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது முதல், 2006இல் நோக்கியா வந்து, 2014இல் மூடப்பட்டு, பிறகு ஃபாக்ஸ்கான் போன்ற நிறுவனங்கள் விரிந்தது வரை இந்தப் பகுதியின் மின்னணுத் தொழிற்சாலைகள் பெரிதும் பெண்களின் கைகளால் இயங்குகின்றன. மின்கம்பத்திலும் டீக்கடைச் சுவரிலும் கைபேசியிலும் வரும் அந்த அறிவிப்புகளை நான் வகுப்பில் ஒரு பாடமாக வைப்பதுண்டு. வயது, படிப்பு, தங்குமிடம், உணவு, பேருந்து. கீழே ஒரு கைபேசி எண். மாணவிகள் முதலில் கவனிப்பது அதன் முன்னிலையை. தமிழ்ச் சுவர் இளம்பெண்ணை நேராகப் பார்த்து ‘நீ வா’ என்று சொல்வது இங்கேதான்.

ஆனால் எந்தப் பெண்ணை? 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வுச் செய்தியை வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் ஐபோன் பொருத்தும் வேலைக்குத் திருமணமான பெண்கள் தவிர்க்கப்பட்டார்கள் என்றும், ஆள்சேர்ப்பு முகவர்களின் விளம்பரங்களிலேயே திருமணமாகாதவர்கள் மட்டும் என்ற நிபந்தனை இருந்தது என்றும் அது கூறியது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம் ஆகியவற்றோடு திருமணமான இந்துப் பெண்கள் அணியும் நகைகளும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. நிறுவனம் பாகுபாட்டுக் குற்றச்சாட்டை மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அதே ஆண்டு நவம்பரில், வயது, பாலினம், திருமண நிலை ஆகியவற்றை விளம்பரங்களிலிருந்து நீக்கும்படி முகவர்களுக்கு நிறுவனம் சொல்லியிருப்பதாக அதே செய்தி நிறுவனம் எழுதியது.

இரண்டு சுவரொட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றுக்குத் தாலியும் தாய்மையும் பேராதரவு. இன்னொன்றுக்கு அவையே தகுதிக் குறைவு. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தோன்றும். உண்மையில் இரண்டும் பெண்ணை அவள் கழுத்தைப் பார்த்தே வகைப்படுத்துகின்றன. வார்த்தையை நீக்குவது தேவையான முதல் அடி. நீக்கிய வார்த்தை நேர்காணல் அறைக்குள் போய் ஒளிந்துகொள்கிறதா என்று பார்ப்பது அதற்கடுத்த வேலை.

2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சாகி 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அவர்களோடு வேலை செய்த பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். சாலையோரப் பலகைகளுக்குக் கீழே, அவை யாரையும் விளிக்காத உயரத்தில், தாங்களே பேசினார்கள். ஆலை மூடப்பட்டு, ஜனவரியில்தான் மீண்டும் திறந்தது. தன்மையிடத்தில் இந்தப் பெண்கள் பேசிய அந்த வாக்கியம் எந்தச் சுவரிலும் அச்சாகவில்லை.

பழைய திரைப்படப் பாட்டுப் புத்தகங்களையும் நோட்டீஸ்களையும் தேடிச் சேர்த்த தனிமனிதர்களும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களும் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையின் முற்பகுதியை எழுதியிருக்க முடியாது. மைதாப் பசை ஒட்டிய தாளை மழையும் மாடும் விட்டுவைப்பதில்லை. ‘ஆட்கள் தேவை’ தாளுக்கு அந்த அக்கறையும் இல்லை. அதைச் சேர்த்து வைப்பவர்கள் அரிது. இந்த ஆண்டு முதல் என் மாணவிகள் அதைச் செய்கிறார்கள். கண்ணில் படும் ஒவ்வோர் அறிவிப்பையும் படம்பிடித்து, நாளும் இடமும் குறித்து, கைபேசி எண்ணை மறைத்துச் சேமிக்கிறார்கள். வல்லம், மாம்பாக்கம், படப்பை, பிள்ளைப்பாக்கம் என்று ஊர்வாரியாகக் கோப்புகள் வளர்கின்றன. நீங்களும் உங்கள் ஊர்ச் சுவரில் தொடங்கலாம். இந்தப் பெண்களை யார், எந்தச் சொல்லால், எந்த நிபந்தனையோடு கூப்பிட்டார்கள் என்று பின்னால் ஒருத்தி தேடும்போது, அவள் கையில் அந்தத் தாள் இருக்க வேண்டும்.